சாப்பாட்டு நோட்டு எழுதிய மாணவர்கள் இருக்கிறீர்களா? அதில் என்ன தெரிந்துகொண்டீர்கள்?

விடுதிமாணவி:

வணக்கம். கோயம்புத்தூரில் உணவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் ‘24 மணி நேர நினைவுகூரல்’ என்று ஒரு செய்முறை உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நேற்று காலை எழுந்தது முதல் இன்று காலை வரை உண்டது, குடித்தது எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். தோழிகளிடம் செய்து பழகிய பிறகு, என் உணவையே ஒரு பருவம் முழுக்க நோட்டில் எழுதி வந்தேன். நேரம், உணவு, அளவு, இடம், உடன் இருந்தவர் ஆகியவற்றோடு, சாப்பிடும் முன் பசித்ததா இல்லையா என்பதற்கும் ஒரு பத்தி வைத்தேன்.

முதலில் பருப்பைச் சொல்கிறேன். தினமும் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவதால் புரதத்துக்குக் குறைவில்லை என்றுதான் விடுதியில் எங்கள் மாடியில் எல்லோரும் நம்புகிறோம். எங்கள் சமையல்காரரிடம் கேட்டேன். மதியச் சாம்பாருக்கு 300 பேருக்கு 6 கிலோ துவரம் பருப்பு போடுகிறார்கள். ஆளுக்கு 20 கிராம். துவரம் பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பங்கு புரதம் என்பதால், ஒருவருக்குக் கிடைப்பது நான்கரை கிராமுக்கும் குறைவு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 46 கிராம் அளவில் வருகிறது. எங்கள் புரதத்தில் பெரும் பங்கு சோற்றிலிருந்து வருகிறது என்பது கணக்குப் போட்டபோதுதான் தெளிவானது.

அடுத்தது இடைவெளி. விடுதியில் இரவு உணவு ஏழரைக்கு. காலையில் ஆய்வக வகுப்பு இருக்கும் நாள்களில் சிற்றுண்டிக்கு நேரம் இருப்பதில்லை. பதினொரு மணி இடைவேளைவரை வயிற்றில் ஒன்றும் இல்லை. பதினைந்து மணி நேரத்துக்கும் மேல்! இதை எவரும் விரதம் என்று நினைத்துச் செய்வதில்லை. கால அட்டவணை அப்படி அமைந்துவிடுகிறது.

பசிப் பத்திதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மாலை ஐந்து மணிப் பலகாரத்துக்கு எதிரே பெரும்பாலும் ‘நல்ல பசி’ என்று இருக்கிறது. இரவு பத்தரைக்குத் தின்றதற்கு எதிரே ‘பசி இல்லை, அறையில் எல்லோரும் தின்றோம்’ என்று இருக்கிறது. என்ன சாப்பிடுகிறோம் என்பதை நம் மன உறுதியைவிட மணியும் இடமும் கூட இருப்பவர்களும்தான் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இப்படி எழுதிப் பார்த்த மற்றவர்களின் அனுபவம் என்ன?

பொறியியல்_மூன்றாமாண்டு:

நானும் எழுதுகிறேன், ஆனால் கைபேசிச் செயலியில். உங்கள் சாம்பார்க் கணக்கு அருமை. ஆனால் பசி, உடன் இருந்தவர் போன்ற பத்திகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை பிறகு நாம் கட்டிக்கொள்ளும் காரணங்கள். கிராம் மட்டும்தான் உண்மை.

செயலியிலும் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ‘சாம்பார்’ என்று தேடினால் பல பதிவுகள் வருகின்றன. யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம் என்பதால் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள். கப் என்றால் எந்தக் கப் என்ற விவரமும் இல்லை. அதனால் 2017இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை எடுத்து, எனக்கு வேண்டியவற்றை மட்டும் தனியாகத் தொகுத்துக்கொண்டேன். அதில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. எல்லாம் நம் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தவை. ஒரே சிக்கல், பெரும்பாலானவை சமைக்காத பொருள்கள். இட்லிக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து என்று நாம்தான் கணக்கிட வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். புரத மாவு வாங்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். எழுதிப் பார்த்ததில், காலையில் இரண்டு முட்டையும் மாலையில் ஒரு கை வேர்க்கடலையும் சேர்த்தாலே எனக்குப் போதும் என்று தெரிந்தது. டப்பா வாங்கவில்லை. எண் இல்லாமல் இதை எப்படி முடிவு செய்திருப்பேன்?

உணவியல்_ஆசிரியை:

இருவரும் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். என் மாணவர்களுக்குச் சொல்லும் ஒன்றை இங்கேயும் சொல்கிறேன். கிராம் உண்மைதான் தம்பி, ஆனால் அந்த கிராமைச் சொல்பவர் ஒரு மனிதர். மனிதர்கள் குறைத்துச் சொல்கிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

இதை அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18உம் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான வகைகள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். டியூட்டீரியம் நீராக மட்டும் உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். சில நாள் சிறுநீரைச் சோதித்து இரண்டும் குறையும் வேகத்தை ஒப்பிட்டால், அந்த மனிதர் எவ்வளவு ஆற்றல் செலவிட்டார் என்பது தெரிந்துவிடும். எடை மாறாத ஒருவர் செலவிட்ட அளவுதான் அவர் சாப்பிட்ட அளவு. 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், நாளுக்கு 1200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை இப்படிச் சோதித்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்து அவர்கள் குறித்திருந்தார்கள்.

எது விடுபடும் என்று கேட்டால், நான் பார்த்தவரை மூன்றுதான்: நின்றுகொண்டு தின்றது, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தது, எண்ணெய். தோசைக்கல்லில் சுற்றி விடும் எண்ணெயை யாரும் உணவாக எண்ணுவதில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 5 கிராம், அதாவது 45 கலோரி. பொரியல், கூட்டு, தாளிப்பு என்று ஒரு வேளையிலேயே அது நான்கைந்து இடங்களில் நுழைந்துவிடுகிறது.

அதனால்தான் நினைவுகூரலைப் பல சுற்றுகளாகக் கேட்கிறோம். முதல் சுற்றில் குறுக்கிடாமல் பட்டியலைச் சொல்ல விடுவோம். பிறகு மறந்தவற்றைக் கிளறுவோம்: தேநீர், மிட்டாய், ஊறுகாய், கோயில் பிரசாதம். பிறகு நேரம், அதன்பின் அளவு, கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்துக்காட்டுவோம். ‘அப்போது எங்கே இருந்தீர்கள், யார் கூட இருந்தார்கள்’ என்று கேட்டவுடன் விட்டுப்போன பஜ்ஜி நினைவுக்கு வரும். ஆகவே விடுதிமாணவியின் அந்தப் பத்திகளைக் கதை என்று தள்ள வேண்டாம். கிராம் சரியாக வருவதற்கே அவை உதவுகின்றன.

இன்னொன்று, எழுதத் தொடங்கியதுமே சாப்பாடு மாறிவிடும். எழுத வேண்டுமே என்ற சலிப்பிலேயே ஒரு முறுக்கைத் தவிர்ப்போம். தொடக்க நாள்களின் பதிவை வைத்து முடிவு எதுவும் எடுக்காதீர்கள். எழுதும் நாள்களில் ஞாயிற்றுக்கிழமையும் கட்டாயம் இருக்கட்டும்.

செவிலியர்_மாணவி:

நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் ரத்தப் பரிசோதனை. கல்லூரியில் நடந்த முகாமில் என் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. என் வகுப்பில் நான் மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல்! இந்த எண்ணைப் பாடமாக எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

நோட்டில் தெரிந்தது இதுதான்: இரும்புச் சத்துள்ளதை ஓரளவு சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் பின்னாலேயே தேநீர் நிற்கிறது. சிற்றுண்டி முடித்ததும் தேநீர், மதிய உணவுக்குப் பிறகு வார்டுக்குப் போகும் முன் தேநீர். தேயிலையில் உள்ள டானின் போன்ற பொருள்கள் காய்கறி, தானியங்களில் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. நோயாளிகளுக்கு இதை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் என் நாளில் அது எங்கே நடக்கிறது என்பதை நேரப் பத்திதான் காட்டியது.

தேநீரை நிறுத்தவில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். மதியம் கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டேன், வைட்டமின் சி இரும்பு உறிஞ்சுதலுக்குத் துணை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் அளவு ஏறியது மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையால். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் போதும், மாத்திரை வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். 9.8ஐ உணவால் மட்டும் தூக்க முடியும் என்று யாரும் காத்திருக்காதீர்கள். மாத்திரையை எந்த நேரத்தில் போட்டால் தேநீருக்கும் பாலுக்கும் தூரமாக இருக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் நோட்டு உதவியது.

மதுரை_அக்கா:

எல்லோரும் எழுதுவதன் பயனைச் சொல்கிறீர்கள். நான் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

என் சித்தி மகள் கல்லூரி சேர்ந்த ஆண்டில் செயலியில் கலோரி எண்ணத் தொடங்கினாள். முதலில் எல்லோரும் பாராட்டினோம். பிறகு எண் தெரியாத எதையும் தொட மாட்டாள் என்ற நிலை வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார மறுத்தாள். பாட்டி கையால் கொடுத்த உருண்டையைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். குளிர் தாங்கவில்லை, முடி கொட்டியது, மாதவிலக்கு நின்றுபோனது. எடை குறைந்ததைப் பார்த்து அப்போதும் பாராட்டிய உறவினர்கள் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மனநல மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் அழைத்துப்போன பிறகு மெல்ல மீண்டு வந்தாள்.

எழுதாமல் ஒரு வேளை போனால் பதற்றம் வருகிறதா, எண்ணுக்காகப் பசியைப் பொறுத்துக்கொள்கிறீர்களா, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடப் பயமாக இருக்கிறதா? அப்படியானால் நோட்டை அன்றே மூடிவிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். முன்பு இப்படிப்பட்ட பாதிப்பு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எழுதத் தொடங்கவே வேண்டாம்.

பொறியியல்_மூன்றாமாண்டு:

அக்கா, நீங்கள் எழுதியதை என் அறைத் தோழர்களுக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் உடற்பயிற்சிக் கூடத்திலும் உணவை எடை போட்டுத்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதமாக இருக்கும் ஒருவன் இருக்கிறான். அவனிடம் பேசப் போகிறேன். எண்ணின் மேல் எனக்குள்ள நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பஸ்_பயணி:

விடுதியில் இருப்பவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மாணவன். வீட்டிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

என் நோட்டில் கலோரி இல்லை, பசி இல்லை. விலைப் பத்தி இருக்கிறது. கையில் 30 ரூபாயோடு வருபவனுக்கு அதுதான் முதல் பத்தி. காலையில் பேருந்து நிலையத்தில் தேநீர், இடைவேளையில் தேநீரும் பிஸ்கட்டும், மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மறுபடி தேநீர். தேநீர் பசியை அடக்குகிறது, மலிவு, உடனே கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு முதலாவது 50 கிராம், இரண்டாவது 25 கிராம். என் தேநீர்களும் பிஸ்கட்டும் சேர்ந்தாலே 25ஐத் தாண்டிவிடுகின்றன.

இதை எழுதிப் பார்த்ததால் ஒரு மாற்றம் செய்ய முடிந்தது. இடைவேளைத் தேநீரும் பிஸ்கட்டும் வாங்கும் காசில் வாழைப்பழமும் சிறிய பொட்டலம் வேர்க்கடலையும் கிடைக்கும். மதியம்வரை தாங்குகிறது. ஆனால் 2024இல் அதே ஹைதராபாத் நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பாருங்கள். 2000 கலோரிக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மில்லி பால், 35 கிராம் கொட்டை வகைகள், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி என்று வருகிறது. தானியம் 250 கிராம்தான். எங்கள் வீட்டில் மலிவாகக் கிடைப்பது அந்தத் தானியம் ஒன்றே, ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. மற்றதெல்லாம் காசு. இதை மாணவனின் ‘உணவுப் பழக்கம்’ என்று பெயரிட்டு அவனைத் திருத்தப் பார்ப்பது நியாயமா? என் நோட்டைப் படித்தால் தெரிவது எங்கள் வீட்டு வரவுசெலவு.

உணவியல்_ஆசிரியை:

நியாயமான கேள்வி. எங்கள் பாடப் படிவத்தில் விலைக்குப் பத்தி இல்லை. வரும் ஆண்டிலிருந்து சேர்க்கிறேன். ரேஷன் துவரம் பருப்பும் வாங்குகிறீர்களா?

பஸ்_பயணி:

வாங்குகிறோம், மாதம் ஒரு கிலோ, கிலோ 30 ரூபாய். நான்கு பேருக்கு ஒரு கிலோ. அந்தச் சாம்பார்க் கணக்கை வீட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராமைச் சற்றே தாண்டுகிறது. விடுதிமாணவிக்கு ஒரு வேளையில் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

முன்னாள்_மெஸ்_செயலர்:

தஞ்சைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மெஸ் பொறுப்பில் இருந்தேன். செலவைத் தலைக்கு வகுக்கும் முறை. மாதக் கடைசியில் மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துக் கட்டணம் போடுவோம். சாப்பாட்டைப் பற்றி மாணவர்கள் தரும் புகார் எப்போதும் சுவையைப் பற்றித்தான் இருக்கும். ‘உப்புமா வேண்டாம்’ என்பார்கள். அதை வைத்து எதையும் மாற்ற முடியாது, அடுத்தவருக்கு உப்புமா பிடிக்கும்.

ஒருமுறை ஒரு தளத்து மாணவர்கள் எல்லோரும் ஒரு வாரம் எதை எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்தபோது முக்கால்வாசிப் பேர் காலை உணவைத் தவறவிடுவது ஒரே இரண்டு நாள்களில் என்று தெரிந்தது. எட்டே காலுக்குச் சிறப்பு வகுப்பு இருந்த நாள்கள் அவை. மெஸ் திறப்பது எட்டுக்கு. காப்பாளரிடம் காட்டினோம். அந்த இரண்டு நாளும் ஏழேகாலுக்கே திறக்க ஒப்புக்கொண்டார். சமையல்காரர்களுக்கு அது கூடுதல் வேலை என்பதால் மற்ற நாள்களில் அவர்கள் தாமதமாக வரலாம் என்று பேசி முடித்தோம்.

மாலைப் பலகாரத்தில் போண்டாவை எடுத்துவிட்டுச் சுண்டல் போடச் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. செலவு காரணம் இல்லை. கொண்டைக்கடலையை முந்தின இரவே யாராவது ஊறவைக்க வேண்டும். இரவுப் பணியாளருக்கு அதைச் சொல்லி வைத்த பிறகு சிக்கல் தீர்ந்தது. விடுதிமாணவி, உங்கள் 20 கிராம் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி மெஸ் குழுவிடம் கொடுங்கள். ‘சாம்பார் தண்ணீராக இருக்கிறது’ என்று நூறு பேர் சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் பேசும்.

கும்பகோணம்_அம்மா:

என் மகன் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டால் ‘சாப்பிட்டேன் அம்மா’ என்பான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டதில்லை. இதைப் படித்த பிறகு ஒரு வாரம் எழுதி அனுப்பச் சொன்னேன். இரவில் நூலகத்திலிருந்து திரும்புவதற்குள் மெஸ் மூடிவிடுகிறது, அதனால் வாரத்தில் பாதி நாள் பரோட்டா. ஊரிலிருந்து என்ன செய்து அனுப்பினால் கெடாமல் இருக்கும்? முறுக்கும் மிக்சரும்தான் இதுவரை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

விடுதிமாணவி:

அம்மா, வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் அனுப்புங்கள். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. நன்றாக வறுத்து ஆறவைத்து, ஈரம் புகாத டப்பாவில் அடைத்தால் பல வாரம் இருக்கும். பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் அனுப்பினால் மெஸ் சோற்றிலேயே கலந்துகொள்வார். ஆனால் அவருக்கு இரவுச் சாப்பாட்டை எடுத்து வைக்கச் சொல்ல முடியுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் விடுதியில் பெயர் எழுதிக் கொடுத்தால் மூடி வைப்பார்கள், அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆசிரியை அம்மா, மெஸ் குழுவிடம் கொடுக்கப் போகும் பக்கத்துக்காக ஒரு கேள்வி. கரண்டி அளவை எப்படிச் சரியாகக் குறிப்பது? ஒவ்வொருவர் பரிமாறும்போதும் மாறுகிறது.

உணவியல்_ஆசிரியை:

கரண்டியில் தண்ணீர் நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றி மில்லியை எழுதிக்கொள்ளுங்கள். பரிமாறும் வேறுபாட்டுக்குப் பல பேருடைய தட்டுகளைப் பார்த்துச் சராசரி எடுங்கள். சோற்றுக்கு வேறு வழி: அன்று உலையில் போட்ட அரிசியின் எடை, வடித்த பிறகு சோற்றின் எடை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பொதுவாக இரண்டரை முதல் மூன்று மடங்கு வரும். பருப்புக்கு நீங்கள் செய்ததுபோல மொத்தத்தைத் தலைக்கு வகுப்பதுதான் நம்பகமானது. மீந்துபோனதைக் கழிக்க மறக்காதீர்கள்.

பஸ்_பயணி:

ஒரு சந்தேகம். காலை ஐந்தரைக்கு அம்மா சுண்டல் செய்து கொடுத்தால் பதினொரு மணிவரை பையில் தாங்குமா? வெயில் காலத்தில் பஸ்ஸில் டப்பா சூடாகிவிடுகிறது.

உணவியல்_ஆசிரியை:

ஐந்தரை மணி நேரம் வெயிலில் என்றால் வேக வைத்த சுண்டல் வேண்டாம். சமைத்த உணவைக் கோடையில் அவ்வளவு நேரம் வெளியே வைப்பது நல்லதல்ல, தேங்காய் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். காய்ந்த வறுத்த கடலையை எடுத்துப்போங்கள், உப்புக்கடலையாகவும் இருக்கலாம். பஸ்ஸில் எவ்வளவு சூடானாலும் ஒன்றும் ஆகாது. சுண்டலை வீடு திரும்பியதும் சாப்பிடும்படி, ஊறவைத்த கடலையை மாலையில் வேக வையுங்கள்.